அறுபத்துமூன்றாம் பக்கம்

ஒரு புத்தகத்தில் ‘இதற்கு எட்டாம் பிரிவைப் பார்க்கவும்’ என்று போட்டிருந்தால், உங்களில் எத்தனை பேர் எட்டாம் பிரிவைப் புரட்டிப் பார்ப்பீர்கள்? நான் பார்க்க மாட்டேன். எழுதினவன் பார்த்துத்தானே எழுதியிருப்பான் என்று நம்பி மேலே போய்விடுவேன். எங்கள் அலுவலகத்தில் இருந்த அந்த அக்கா பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, யார் எழுதினது என்று கேட்பார். ஹட்டனில் எத்தனை குளிர் அடித்தாலும் அந்த நேரத்தில் எங்களுக்கு வேர்த்துவிடும்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. பொகவந்தலாவைப் பக்கத்தில் இன்னும் அவரைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர் பெயரைக் கெடுக்கிற வேலையை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்தாகிவிட்டது.

ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். கொழும்புக் கம்பெனி ஒன்றின் கிளை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று திறப்பு விழாவில் மாலை போட்டுப் பேசினார்கள். பிறகு யாரும் எட்டிப்பார்க்கவில்லை. மூன்று மேசை, மூன்று ஆட்கள், ஒழுகுகிற இடத்துக்கு ஒரு வாளி. நானும் கினிகத்தேனையிலிருந்து வரும் நிரோஷனும் எழுதுவோம். அக்கா சரிபார்ப்பார்.

நாங்கள் எழுதியது பஸ் டிரைவர்களுக்கான கையேடுகள். உடனே ஹட்டன் டிப்போவை நினைக்க வேண்டாம். ஒரு இயந்திரத்துக்குள் மதர்போர்டுக்கும் அதில் செருகுகிற கார்டுகளுக்கும் நடுவே ஓடும் கம்பிப் பாதைக்குப் பெயர் பஸ். அதில் எந்த கார்டு எப்போது பேசலாம் என்று பார்த்துக்கொள்கிற மென்பொருள்தான் டிரைவர். இதை அம்மாவுக்கு நான்கு தடவை விளக்கினேன். அம்மா கடைசிவரை நான் டிப்போவில் இருப்பதாகத்தான் லயத்து வரிசை வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே பாதையில் ஒன்பது வகைக் கார்டுகள். அதனால் ஒன்பது கையேடுகள். ஒன்றில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லக்கூடாது. ‘அந்தக் கையேட்டில் இந்தப் பிரிவைப் பார்க்கவும்’ என்று கைகாட்டிவிட வேண்டும். எங்காவது ஒரு பிரிவை நகர்த்தினால், அதைக் காட்டுகிற கைகளையெல்லாம் திருப்பிவிட வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை உண்டு. அமுக்கினால் எல்லாம் பச்சையாகக் காட்டும். பச்சை வந்ததும் நாங்கள் பிளேன்டீ குடிக்கப் போய்விடுவோம். ஆனால் அந்தச் சோதனை ஆறாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதா என்றுதான் பார்க்கும். நீ சொன்ன விஷயம் அங்கே இருக்கிறதா என்று பார்க்காது.

“பச்சையா இருக்குங்க்கா,” என்போம்.

“வீடு இருக்குன்னு சொல்லுது. ஆள் மாறிட்டாங்களான்னு அதுக்கு என்னா தெரியும்?” என்பார் அக்கா.

முப்பத்தெட்டு வயது இருக்கலாம் அவருக்கு. ஒல்லி. சாம்பல் நிற ஸ்வெட்டர், நாற்காலி முதுகில் ஒரு கறுப்புக் குடை, கையில் மர அடிமட்டம். கம்ப்யூட்டரை அவர் நம்ப மாட்டார். ஒன்பது கையேட்டையும் அச்செடுத்துச் சுவர் ஓரத்து றாக்கையில் அடுக்கி வைத்திருந்தார். வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, உதட்டை அசைத்து வாசிப்பார். ‘பார்க்கவும்’ என்று வந்தால் எழுந்து றாக்கைக்கு நடப்பார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது நடந்திருப்பார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான் சேர்ந்த முதல் வாரம் அது.

“சுகந்தி. நாலாவது கையேடு, இருபத்திமூணாம் பக்கம். கார்டை ரீசெட் பண்ணினா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு ஆறு புள்ளி ரெண்டுல பாருன்னு எழுதியிருக்க. எந்திரி. போய்ப் பாரு.”

“கம்ப்யூட்டர்லயே பார்க்கிறேங்க்கா.”

“நடந்து போ. எடு. சத்தமா வாசி.”

நடந்தேன், எடுத்தேன், வாசித்தேன். ஆறு புள்ளி இரண்டில் கம்பிகளின் நிறம் இருந்தது. சிவப்பு மின்சாரத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு என்று நான் வாசிக்க வாசிக்க நிரோஷன் மேசைக்குக் கீழே தலையை விட்டுச் சிரித்தான்.

“நேரம் எங்க இருக்கு?”

“இல்லைங்க்கா.”

“ஏதோ ஒரு நாட்டுல ஒருத்தன் கையில கார்டை வச்சிக்கிட்டு, நீ சொன்னத நம்பி இங்க வந்து நிப்பான். நின்னு என்னா செய்வான்? வயர் கலரைப் பாத்து ரசிப்பானா? காட்டுன எடத்துல ஆள் இருக்கணும் புள்ள. இல்லன்னா காட்டாத.”

கழிவறைக்குப் போய் அழுதேன். திரும்பி வந்தால் என் மேசையில் அடுத்த தாள், சிவப்பு வட்டத்தோடு. அழுது முடிக்கவாவது விட்டிருக்கலாம்.

பிழை திருத்த அவர் வைத்த விதி ஒன்றுதான். காட்டுகிற இடத்தில் விஷயம் இல்லை என்றால் எங்கே இருக்கிறதென்று தேடு. தேடியும் இல்லை என்றால், காட்டுகிற வரியைச் சிவப்புப் பேனாவால் வெட்டு. சமாதானம், சாக்கு ஒன்றும் எடுபடாது. கண்ட பிழையையெல்லாம் ஒரு நீளச் சி.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்துக்கும், எழுதாத பக்கங்களுக்கும்கூட, தன் கையாலேயே எண் போட்டிருந்தார். முன் பக்கத்தில் அட்டவணை: எங்கள் பெயர், எதிரே எங்கள் பிழைகள் இருக்கும் பக்கங்கள். என் பெயருக்கு எதிரேதான் எண்கள் அதிகம்.

எங்கள் கையேடுகள் இங்கிலீஷில். ‘பார்க்கவும்’ என்பதற்கு அதில் ‘சீ’ என்று வரும். நிரோஷன் அவருக்குச் ‘சீ அக்கா’ என்று பெயர் வைத்தான். தமிழிலும் பொருந்துகிறதே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒருநாள் அது அவர் காதில் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டவுனிலும் அவர் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு கடைச் சுவரில் ‘பல் வைத்தியர் மேல் மாடியில்’ என்று அம்புக்குறி போட்டுப் பலகை இருந்தது. அவருக்குப் பல்வலி கிடையாது. ஆனாலும் ஏறிப் பார்த்தார். மேலே ஒரு டியூஷன் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வைத்தியர் ஊரைவிட்டுப் போய் இரண்டு வருடம். இறங்கி வந்து கடை முதலாளியிடம் பலகையைக் கழற்றச் சொன்னார். முதலாளி சிரித்தார். மறுநாளும் சொன்னார், அதற்கு மறுநாளும் சொன்னார். நான்காம் நாள் வெள்ளைத் தாளும் பசையும் கொண்டுவந்து, கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, அம்புக்குறியை மூடி ஒட்டினார். பார்த்தவர்கள் மண்டை கழன்றது என்றார்கள். நான் அவரைத் தெரியாதவள் மாதிரி எதிர்ப்பக்கமாக நடந்துபோனேன்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். மழை பிடித்துக்கொண்டு, சாப்பிடப் போக முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்த நாள். பாண் துண்டைப் பருப்பில் தோய்த்தபடி, யார் வீட்டுக் கதையோ மாதிரி சொன்னார்.

அவர் பிறந்த தோட்டத்தில் மண் சரிந்து இரண்டு லயங்கள் போய்விட்டன. மிச்சம் இருந்ததற்கெல்லாம் தோட்டத்து ஆபீசில் புது இலக்கம் போட்டார்கள். இவர்கள் இருந்த ஆறாம் நம்பர் லயம் நான்காகிவிட்டது. ஆறு என்ற நம்பர் கீழ் டிவிசனில் இருந்த வேறு லயத்துக்குப் போனது. அந்த வருடம்தான் இவருக்கு ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. விலாசம் பழைய ஆறு. தோட்டங்களில் கடிதம் வீட்டுக்கு நேராக வராது. ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வரும். கொண்டுபோனவர் புது ஆறில் கொடுத்துவிட்டார். அவர்கள் நல்ல மனிதர்கள். யாராவது கேட்டு வருவார்கள் என்று மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்கள். மூன்று மாதம்.

“அப்பறம்?”

“அப்பறம் என்னா. தேதி போயிருச்சு. எழுதுனவங்க மேல தப்பு இல்ல, கொண்டுபோனவங்க மேலயும் இல்ல. வீடு இருந்துச்சு. ஆள்தான் வேற.” பாணைக் கடித்தார். “நீ அந்த ரெண்டாம் அத்தியாயத்த முடிச்சியா?”

அன்று சாயந்தரம் பேக்கரியில் நிரோஷன் இதை நடித்துக் காட்டினான். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுப்பதுபோல் பரிசாரகனின் முதுகுக்குப் பின்னால் கைவிட்டான். நானும் சிரித்தேன். அவர் கதை மனதில் தைத்ததோ இல்லையோ, அவர் என்னைச் சத்தமாக வாசிக்க வைத்தது தைத்தே இருந்தது.

நிரோஷனுக்கு வேறு கணக்கு இருந்தது. அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம். நோயாளிகளைப் பார்க்கும் நேரத்துக்குப் போக நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாலு இருபதுக்குப் பையை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டான்.

“தம்பி. ஏழாவது கையேட்டுல ஒண்ணு தப்பு.”

“அக்கா, அம்மாவப் பார்க்கப் போறேன். நாளைக்கு வந்து செய்றேன்.”

“நாளைக்குக் காலையில இது போயிரும். அம்மா ஒரு எடத்துலதான் இருக்காங்க. இது ஒம்பது எடத்துக்குப் போகப்போகுது. திருத்திட்டுப் போ.”

திருத்திவிட்டுப் போனான். பஸ் போய்விட்டது, ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பினான். அந்த அம்மா பிறகு குணமாகி வீட்டுக்கு வந்தது வேறு விஷயம். ஆனால் அன்றைக்கு அக்கா செய்தது கொடுமை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். நான் செய்ததைச் சொல்லப்போகிறேன் என்பதற்காக அவரைத் தேவதை ஆக்க மாட்டேன்.

அந்த வாரம்தான் நிரோஷன் யோசனை சொன்னான். “ஒரு வட்டம் போடுவோம். சுத்தி சுத்தி நடக்கட்டும்.”

ஐந்தாவது கையேடு என்னுடையது. அதில் மூன்று புள்ளி நான்கில், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்திலிருந்து கார்டை எப்படிக் கழற்றுவது என்று இருந்தது. முதலில் டிரைவருக்குச் சொல்லி அந்தக் கார்டுடன் பேச்சை நிறுத்து, விளக்கு அணையும்வரை பொறு, மின்சாரத்தைத் துண்டி, பிறகு இழு. அந்தப் பந்தியை வெட்டி வேறு கோப்பில் வைத்தேன். அதற்குப் பதிலாக ‘கழற்றும் முறைக்கு எட்டு புள்ளி ஒன்றைப் பார்க்கவும்’ என்று போட்டேன். எட்டு புள்ளி ஒன்றில் ஐந்து புள்ளி ஆறைப் பார்க்கச் சொன்னேன். ஐந்து புள்ளி ஆறில் மூன்று புள்ளி நான்கைப் பார்க்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் சோதனை எல்லாவற்றுக்கும் பச்சை காட்டியது. போகாத ஊருக்கு வழி சொல்வது என்பார்களே, அதை அத்தனை சுத்தமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவர் நடந்து முடித்ததும் பந்தியைத் திருப்பி வைத்துவிடுவதாகத்தான் திட்டம்.

வியாழக்கிழமை அவர் நடந்தார். மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எட்டுக்கு, எட்டிலிருந்து ஐந்துக்கு, ஐந்திலிருந்து திரும்ப மூன்றுக்கு. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். இரண்டாம் சுற்றும் நடந்தார். நிரோஷன் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டான். இப்போது கூப்பிடுவார், இப்போது வாசிக்கச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். வாசித்துவிட்டு, ‘ஏங்க்கா சுத்துறீங்க’ என்று கேட்கவேண்டும் என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

கூப்பிடவில்லை. உட்கார்ந்தார். ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார், கொப்பியில் ஏதோ எழுதினார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிழவிக்கு விளங்கவில்லை என்று நிரோஷன் சொன்னான்.

மறுநாள் வெள்ளி. கோவில் திருவிழாவுக்கு ஊருக்குப் போக அவர் மத்தியானமே புறப்பட்டார். போகுமுன் ஐந்தாவது கையேட்டின் சரிபார்ப்புத் தாளில் கையெழுத்து வைத்து, என் மேசையில் வைத்தார்.

“சுகந்தி, குறிப்பெல்லாம் பாத்துட்டு அனுப்பு.”

“சரிங்க்கா.”

அவர் குறிப்புகளை நான் வாசிப்பதே இல்லை. ஒரு கையேட்டுக்கு முப்பது நாற்பது குறிப்பு, கம்ப்யூட்டரில் கோப்பின் ஓரத்திலேயே தட்டி வைப்பார். கமா இங்கே, புள்ளி அங்கே. எல்லாக் குறிப்பையும் ‘முடிந்தது’ என்று ஒரே அமுக்கில் மூடிவிட ஒரு பொத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை எல்லாரும் அதைத்தான் அமுக்குவோம். அமுக்கினேன். வட்டத்தை எடுக்கவேண்டும் என்பது மறந்தே போய்விட்டது. வீட்டுக்குப் போகும் நோர்வூட் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. கையேடு போய்விட்டது.

பத்து நாள் கழித்து, அக்கா லீவு முடிந்து வந்த அன்றே, வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் பொறியாளர் ஒருவர் கார்டைக் கழற்ற வழி தேடி எங்கள் கையேட்டில் அரை நாள் சுற்றியிருக்கிறார். பிறகு பொறுமை போய்ச் சும்மா இழுத்திருக்கிறார். கார்டும் கருகி, பக்கத்திலிருந்த இரண்டும் கருகின. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் சரிபார்த்தது என்று விசாரிக்கக் கொழும்பிலிருந்து மேலதிகாரி, நாங்கள் சேர் என்கிறவர், மறுநாள் காலை வருவதாகத் தகவல் வந்தது.

அன்று எல்லாரும் போனபிறகு நான் பின்தங்கினேன். பந்தியை உடனே திருப்பி வைத்தேன். பிறகு மூடிய குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்று புள்ளி நான்குக்குப் பக்கத்தில் இருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தார்.

“தங்கச்சி, இது தெரியாம வந்த தப்பு இல்ல. எடுத்த பந்திய திரும்ப வச்சிரு. யாருக்கும் சொல்லல.”

ஊரையே கூட்டி என்னை வாசிக்க வைத்தவர் இந்த ஒன்றை மட்டும் என் காதோடு சொல்லியிருக்கிறார். தெரியாமல் செய்வதற்குத்தான் அவர் ஊரைக் கூட்டுவார் போலிருக்கிறது. அதை வாசித்தபோது வெட்கம்தான் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. லயத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற முதல் பெண் நான். வேலை போனால் அம்மாவோடு காலையில் பெரட்டுக்கு, தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கிற வரிசைக்கு, போய் நிற்க வேண்டும். கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். குறிப்பை அழித்தேன். மூடுவது வேறு, அழிப்பது வேறு. நான் அழித்தேன்.

காலையில் சேர் வந்தார். சிங்களவர், நல்ல மனிதர், கோபம் வராதவர். சரிபார்ப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டார். அக்கா சிங்களத்தில் நிதானமாகப் பதில் சொன்னார்: பார்த்தேன், கண்டுபிடித்தேன், எழுதினவளுக்குக் குறிப்பு வைத்தேன், தாளிலும் போட்டிருக்கிறேன்.

தாளில் இருந்தது. அவர் கையெழுத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில்: ‘மூன்று புள்ளி நான்கில் உள்ள குறிப்பைப் பார்க்கவும்.’

“கோ?” என்றார் சேர். எங்கே என்று அர்த்தம்.

அக்கா எழுந்தார். கம்ப்யூட்டருக்கு நடந்தார். கோப்பைத் திறந்து, மூன்று புள்ளி நான்குக்குப் போய், திரையில் அடிமட்டத்தை வைத்தார். அங்கே ஒன்றும் இல்லை. மேலே போனார், கீழே வந்தார். திரும்ப மேலே போனார்.

“அங்கே என்ன இருக்கிறதோ அதைச் சத்தமாக வாசியுங்கள்,” என்றார் சேர். அவருக்கு எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது, சும்மாதான் சொன்னார்.

அக்கா வாசித்தார். பேச்சை நிறுத்து, விளக்கு அணையும்வரை பொறு, மின்சாரத்தைத் துண்டி. நான் திருப்பி வைத்த பந்தி. குறிப்பு எதுவும் இல்லை. வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

சேரும் என்னைப் பார்த்தார். “உங்களுக்கு ஏதாவது குறிப்பு வந்ததா?”

“இல்லை சேர்,” என்றேன்.

நிரோஷன் தன் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவின் மேசையில் கொப்பி கிடந்தது. அவர் திரும்பி வந்து அதன்மேல் கையை வைத்தார். திறந்து காட்டப்போகிறார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இன்றுவரை தெரியாது. தன் கொப்பியில் தானே எழுதியதைச் சாட்சியாகக் காட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ. தமிழில் சொன்னார், சேருக்குச் சொல்வதுபோலவும் இருந்தது, எனக்குச் சொல்வதுபோலவும் இருந்தது.

“காட்டுன எடத்துல இல்ல. அப்ப என் தப்புதான்.”

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். வேலை நீக்கக் கடிதம் பின்னால் போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒன்றரை வருடம் என்னை நடக்க வைத்தவர், ஒருநாளாவது நடந்து வாசித்தார் என்றுதான் இருந்தது. நிரோஷன் ரோல்ஸ் வாங்கி வந்தான். ஆனால் அவன் தன்னுடையதைச் சாப்பிடவில்லை. மூன்று மாதத்தில் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அவர் நாற்காலியும் வேலையும் எனக்கு வந்தன. மேசை லாச்சியைத் திறந்தால் கொப்பி. விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். கடைசியாக எழுதிய பக்கம் அறுபத்துமூன்று. அந்த வியாழக்கிழமைத் தேதி, பிறகு மூன்று புள்ளி நான்கு, எட்டு புள்ளி ஒன்று, ஐந்து புள்ளி ஆறு என்று மூன்று எண்களும் அம்புக்குறிகளோடு ஒரு வட்டமாக. பக்கத்தில் என் பெயர். கீழே ஒரு வரி: ‘சொல்லியாச்சு. திரும்ப வச்சிருவா.’

வச்சிருவா. அந்தச் சொல்லை என்னால் பார்க்க முடியவில்லை. பிளேடால் தையல் ஓரமாக அந்தத் தாளை அறுத்தெடுத்தேன். நறுக்கு வெளியே தெரியாதபடி பசை தடவி அமுக்கினேன். சுத்தமான வேலை. எங்களுக்குக் கைவந்த வேலைதானே.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். நோர்வூட்டில் பொகவந்தலாவை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார், அதே ஸ்வெட்டர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன்.

“சுகந்தி.”

நின்றேன். திட்டப்போகிறார், நாலு பேர் முன்னால் நாறடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் இந்த நேரம் அவரை மறந்திருப்பேன்.

“அந்தப் பந்திய திரும்ப வச்சிட்டியா?”

“வச்சிட்டேங்க்கா.”

“நான் கடைசியா வாசிச்சது சரியான பந்திதான். ஆனா அவங்களுக்குப் போச்சா?”

“போயிருச்சுங்க்கா. மறுநாளே அனுப்பிட்டோம்.”

தலையை ஆட்டினார். பஸ் வந்தது. படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“கொப்பி இருக்கா?”

“இருக்குங்க்கா.”

“வச்சிக்க. பின்னால வர்றவங்களுக்கு ஒதவும்.”

பஸ் ஏறிப் போய்விட்டார்.

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், என்னோடு சேர்ந்து சரிபார்க்க. எங்கள் முறையைப் படிக்கவேண்டும் என்றார். றாக்கையைக் காட்டினேன், அடிமட்டத்தைக் கொடுத்தேன், விதியைச் சொன்னேன். கொப்பியையும் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்து வாசித்தார். மூன்றாம் நாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“பிள்ளை, முன் அட்டவணையில உம்மட பேருக்கு நேர கடைசியா அறுபத்திமூண்டு எண்டு கிடக்கு. போய்ப் பாத்தன். அறுபத்திரண்டுக்குப் பிறகு நேர அறுபத்தைஞ்சு வருது.”

அட்டவணை. பக்கத்தை அறுத்த நான், அந்தப் பக்கத்தைக் காட்டுகிற இடத்தை மறந்துபோனேன். முதல் வாரத்தில் நின்று வாசித்த அதே பிழை. பதினைந்து நாளில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் விஷயம்.

“எல்லாம் வடிவா எழுதின மனுசி. ஒரு இடத்திலயும் பிழை இல்லை. இதில மட்டும் எப்பிடி இலக்கம் தவறினது?” என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். இத்தனை வருடத்துக்குப் பிறகு யார் என்னை என்ன செய்யப்போகிறார்கள்? அக்காவுக்கு ஒரு வார்த்தையால் பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். வாயைத் திறந்தேன்.

“கடைசியில அவங்களுக்கு அப்படித்தாங்க சேர். நம்பரெல்லாம் தப்புத் தப்பா போட ஆரம்பிச்சிட்டாங்க. வேலை போனதும் அதனாலதான்.”

“பாவம்,” என்றார் அவர். “அப்ப இதை என்ன செய்யிறது?”

“காட்டுற எடத்துல ஒண்ணும் இல்லன்னா வெட்டிரணும். அதான் இங்க விதி.”

அவர் என் மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அடிமட்டத்தை வைத்து, அறுபத்துமூன்றை நேராக ஒரு கோட்டால் வெட்டினார்.